ஒரு கம்பி, பல கருவிகள்
மிடி வழித்தடங்களின் வரலாறும் சபரகமுவத் தோட்டத்து இசையும்

இசை வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இசைவாணரையும் இராகங்களையும் இலக்கண நூல்களையும் பற்றியே எழுதிச் சென்றனர். கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பியைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் கடந்த நாற்பது ஆண்டுகளில் இசை ஆக்கத்தின் போக்கை மாற்றியமைத்தது புதியதோர் இராகமன்று. ஐந்து ஊசி கொண்ட ஒரு செருகியும் அதன் வழியே செல்லும் எண்களுமே. இசைக்கருவிகளுக்கான எண்ணியல் இடைமுகம் என விரித்துரைக்கத்தக்க இந்நியமம், ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் 'மிடி' எனப்படுகின்றது. இதன் நடுநாயகமாக விளங்குவது 'வழித்தடம்' என்னும் கருத்து. ஒரே கம்பியில் பல கருவிகளுக்குரிய செய்திகளை அனுப்பி, ஒவ்வொரு கருவியும் தனக்குரியதை மட்டும் ஏற்கச் செய்யும் ஏற்பாடே அது. அவ்வழித்தடம் தோன்றிய வரலாற்றையும், அது கணினியினுள் அமைந்த மென்பொருட் கருவிகளுக்கு இடம்பெயர்ந்த முறையையும், நிவித்திகல போன்ற சபரகமுவப் பகுதித் தோட்டங்களின் இசைமரபுக்கு அதனால் விளையும் ஆக்கத்தையும் கேட்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தப்பின் மொழி

பொருள் விளங்குதற்பொருட்டு நமக்குப் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குதல் தகும். மலையகத் தோட்டங்களில் தப்பு வெறும் தாளக் கருவியாக இருந்ததில்லை. அது செய்தி சொல்லும் கருவியாகவும் இருந்தது. விடியற்பொழுதில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைக்க ஓர் அடி. திருமணத்திற்கு ஓர் அடி. சாவிற்கு ஓர் அடி. சாமி புறப்பாட்டிற்கு ஓர் அடி. தப்பொலியோடு விடியும் தோட்டத்தைத் தம் ஆங்கிலக் கவிதையிற் பாடியும், தோட்டத்து நாட்டார் பாடல்களை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எனத் தொகுத்தும் சென்ற சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்களை அறிந்தோர் இதனை நன்கறிவர்.

இங்கு நோக்கற்பாலது யாதெனில், தப்பின் ஓசை எல்லா லயங்களுக்கும் ஒரே வேளையில் சென்று சேர்கின்றது என்பதாகும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே ஆளனுப்புவாரில்லை. ஒலி பொதுவானது, அதனுள் பொதிந்த குறிப்பே, யார் எழவேண்டும், யார் எங்குச் செல்லவேண்டும் என்பதை வேறுபடுத்துகின்றது. கேட்போர் தமக்குரியதைத் தெரிந்து ஏற்று, ஏனையதைக் கேட்டவாறே விட்டுவிடுவர். பொது ஊடகம் ஒன்று, அதனுள் முகவரி, முகவரியை அறிந்து இயங்கும் ஏற்போர் என்னும் இம்மூன்று உறுப்புகளும் மிடி முறையிலும் அவ்வாறே அமைந்துள்ளன. தப்பிலிருந்து மிடி பிறந்தது என்பது இதன் பொருளன்று. பலருக்கு ஒரே வழியாற் செய்தியனுப்ப வேண்டிய தேவை எழும்போதெல்லாம் மனித அறிவு இத்தகைய தீர்வையே நாடுகின்றது என்பதே கருத்து.

நியமத்தின் பிறப்பு

1970களில் சிந்தசைசர்கள் மின்னழுத்தத்தாற் கட்டுப்படுத்தப்பட்டன. ஒரு நிறுவனத்தின் கருவியை இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு இணைப்பது பெரும்பாலும் இயலாத செயலாகவே இருந்தது. மேடையில் நிற்கும் கலைஞர் நான்கு கருவிகளின் ஒலி வேண்டின், நான்கு விசைப்பலகைகளையும் தம் இரு கைகளாலேயே வாசிக்க வேண்டியவரானார்.

இக்குறையை நீக்க முதற்கண் முனைந்தவர் யப்பானிய ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குத்தாரோ கக்கேஹாஷி ஆவார். 1981 இல் அவர் அமெரிக்கக் கருவியாக்குநரான டொம் ஓபர்ஹைமிடம் பொது நியமம் ஒன்றின் தேவையை எடுத்துரைத்தார். பின்னர் சீக்குவென்ஷல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித் இம்முயற்சியில் இணைந்தார். ஸ்மித்தும் செட் வூட்டும் அவ்வாண்டிலேயே ஒலிப் பொறியியற் கழகத்தின் கூட்டத்தில் பொது இடைமுகம் பற்றிய கட்டுரை ஒன்றைச் சமர்ப்பித்தனர். யமஹா, கோர்க், கவாய் ஆகிய யப்பானிய நிறுவனங்களும் பின்னர் உடன்பட்டன. 1983 சனவரியில் அமெரிக்காவில் நடைபெற்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், சீக்குவென்ஷலின் புரொபெட் 600 என்ற கருவியும் ரோலண்டின் ஜுபிட்டர் 6 என்ற கருவியும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலித்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் நியமத்தின் முதற் பதிப்பு வெளியாயிற்று.

இந்நியமத்தைப் பயன்படுத்த எவரும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என அதனை ஆக்கியோர் முடிவு செய்தமை வரலாற்றில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடிப் பொதுச்சொத்து ஒன்றை உலகிற்கு வழங்கிய அருஞ்செயல் அது. விலையுயர்ந்த கருவிகளோடு நில்லாது, மலிவான விசைப்பலகைகளிலும் பின்னர் ஏழை மாணவனின் பழைய கணினியிலும் மிடி குடிபுகுந்தமைக்கு இதுவே முதற்காரணம். தமிழில் 'மிடி' என்பது வறுமையைச் சுட்டும் சொல்லாகும். இந்த மிடியோ இசையாக்க வறுமையைப் போக்க வந்தது. இருவரின் பணியையும் பாராட்டி 2013 இல் கிராமி தொழினுட்ப விருது வழங்கப்பட்டது. கக்கேஹாஷி 2017 இலும் ஸ்மித் 2022 இலும் காலமாயினர்.

பதினாறு என்னும் எண்

மிடிக் கம்பியில் ஒலி செல்வதில்லை, ஏவல்களே செல்கின்றன. 'இவ்விசையை இவ்வளவு வேகத்தில் அழுத்து', 'விடு', 'சுருதியை வளை' என்பன போன்றவை அவ்வேவல்கள். ஓர் ஏவலின் முதலெண் எட்டு இருமை இலக்கங்களால் ஆனது. அவற்றுள் மேல் நான்கு ஏவலின் வகையைக் கூறும். கீழ் நான்கு வழித்தடத்தின் எண்ணைக் கூறும். நான்கு இருமை இலக்கங்களால் பதினாறு வேறுபாடுகளையே குறிக்கலாம். எனவேதான் மிடியில் வழித்தடங்கள் பதினாறாயின. பதினாறு என்பது இசை இலக்கணம் விதித்த எண்ணன்று. சிக்கனம் விதித்த எண்.

செக்கனுக்கு 31,250 இருமை இலக்கங்கள் என்பதே அக்கம்பியின் வேகமாகும். ஒரு சுரத்தைத் தொடக்குவதற்கு மூன்று எண்கள் வேண்டும். அவை செல்ல ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் ஆகும். ஒன்றன்பின் ஒன்றாகவே செய்திகள் செல்லுமாதலால், பதினாறு வழித்தடங்களிலும் ஒரே கணத்தில் அடிவிழ வேண்டின், கடைசி அடி பதினைந்து மில்லிசெக்கன் அளவு பிந்தும். தாளக் கருவிகளை வரிசையில் முதலில் வைக்கவேண்டும் என்னும் பழக்கம் கலையகங்களில் தோன்றியமைக்கு இதுவே காரணம்.

பல கருவிகளுக்கு உள்வாயில், வெளிவாயில், கடத்துவாயில் என மூன்று வாயில்கள் அமைந்தன. முதற் கருவிக்கு வந்த செய்தி கடத்துவாயிலால் மாறாது அடுத்த கருவிக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலிபோற் கோக்கப்பட்ட கருவிகள் அனைத்துக்கும் எல்லாச் செய்திகளும் போய்ச்சேரும். ஆயின் மூன்றாம் வழித்தடத்துக்கென அமைக்கப்பட்ட கருவி, மூன்றாம் எண் பொறித்த ஏவலுக்கு மட்டுமே இயங்கும். எல்லா எண்களையும் ஏற்குமாறு ஒரு கருவியை அமைத்தலும் உண்டு. அவ்வாறு அமைத்ததை மறந்துவிடின், குழலுக்கெனக் கூறியதை முழவும் வாசித்துவிடும். சாவு வீட்டுத் தப்பைக் கேட்டுப் பெரட்டுக்குப் புறப்படுவதை ஒத்த குழப்பம் அது.

ஒரு கருவிக்குள் பல கருவிகள்

தொடக்கத்தில் ஒரு கருவிக்கு ஒரு வழித்தடம் என்பதே வழக்காயிருந்தது. 1984 இல் சீக்குவென்ஷல் வெளியிட்ட சிக்ஸ்-டிராக், கசியோ வெளியிட்ட சீசெட் 101 ஆகியன, ஒரே பெட்டியினுள் பல குரல்களை வைத்து ஒவ்வொன்றுக்கும் தனி வழித்தடம் வழங்கின. 1987 இல் வந்த ரோலண்ட் எம்டி 32 எட்டு இசைப்பகுதிகளையும் ஒரு தாளப்பகுதியையும் கொண்டிருந்தது. அதில் தாளத்திற்குப் பத்தாம் வழித்தடம் ஒதுக்கப்பட்டது. மறுபுறத்தில், மிடி வாயில்களை உடலோடு கொண்டு 1985 இல் வெளிவந்த அட்டாரி எஸ்டி கணினி, கலையகத்தின் நடுவே இடம்பெற்றது. ஸ்டைன்பேர்க் நிறுவனத்தின் கியூபேஸ் 1989 இல் அக்கணினிக்கெனவே தோன்றியது. பதிவுத்தடங்கள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்ற, ஒவ்வொன்றுக்கும் வழித்தட எண்ணை வழங்கிப் பல கருவிகளை ஒருவரே ஆளும் நிலை உருவாயிற்று.

தமிழ் இசையுலகம் இம்மாற்றத்தை விரைந்தே ஏற்றது. 1986 இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாடல்கள், இந்தியத் திரையிசையில் கணினி வரிசையாக்கியைக் கையாண்ட முன்னோடி முயற்சியாக எண்ணப்படுகின்றன. சென்னைக் கலையகங்களில் விசைப்பலகை வாசித்து வளர்ந்த ஏ. ஆர். ரகுமான், கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்த்து அமைத்த கலையகத்திலிருந்து 1992 இல் 'ரோஜா'வின் இசையை வழங்கினார். பெரிய இசைக்குழுவை ஒரே கூடத்தில் கூட்டி ஒரே மூச்சில் பதிவு செய்யும் முறைக்குப் பதிலாக, தனியறையில் தடந்தடமாக இசையைக் கட்டும் முறை மேலோங்கியது. இதனால் புதிய ஒலிகள் பிறந்தன. அதே வேளையில் கூட்டத்தில் வயலினும் தபேலாவும் வாசித்து வாழ்ந்த கலைஞர் பலர் வேலையிழந்தனர் என்பதையும் வரலாறு மறைத்தலாகாது.

கணினியினுள் புகுந்த கருவிகள்

1996 இல் ஸ்டைன்பேர்க் நிறுவனம் விஎஸ்டி என்னும் செருகுநிரல் முறையை அறிமுகம் செய்தது. 1999 இல் அதன் இரண்டாம் பதிப்பு, செருகுநிரல்கள் மிடிச் செய்திகளை ஏற்க வழிசெய்தது. அன்றுமுதல் சிந்தசைசர், ஒலிமாதிரிக் கருவி ஆகியன பெட்டி வடிவம் துறந்து கணினியினுள் மென்பொருளாக வாழத் தொடங்கின. கம்பி மறைந்தது, வழித்தட எண் மறையவில்லை.

ஒரு கோயில் திருவிழா இசையைக் கணினியில் அமைக்க ஒருவர் முனைவதாகக் கொள்வோம். நாதசுரம், ஒத்து, ஆர்மோனியம், தப்பு ஆகிய நான்கும் வேண்டும். இதற்கு இரு வழிகள் உள. ஒன்று, நான்கு பதிவுத்தடங்களில் நான்கு மென்பொருட் கருவிகளைத் தனித்தனியே திறத்தல். இதில் வழித்தட எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தடமும் கருவியும் ஒன்றாகவே பிணைந்துள்ளன. மற்றையது, கொண்டாக்ட் போன்ற பலகுரல் மென்பொருளை ஒருமுறை மட்டுமே திறந்து, அதனுள் நான்கு ஒலித்தொகுதிகளை ஏற்றி, நாதசுரத்தை முதல் வழித்தடத்திலும் ஒத்தை இரண்டாவதிலும் ஆர்மோனியத்தை மூன்றாவதிலும் தப்பைப் பத்தாவதிலும் நிறுத்துதல். பின்னர் நான்கு மிடித் தடங்களை உருவாக்கி, ஒவ்வொன்றின் வெளிச்செல்லும் எண்ணையும் அதற்குரிய தொகுதியின் உள்வரும் எண்ணோடு பொருத்தவேண்டும். இறுதியாக, நான்கின் ஒலியும் கலவைப் பலகையில் வெவ்வேறு வரிகளாக வந்துசேருமாறு ஒலிவாயில்களையும் பிரித்தல் வேண்டும்.

ஈண்டுப் பலர் இடறுவது இவ்விரு பயணங்களும் வெவ்வேறானவை என்பதை உணராமையாலாகும். ஏவல் செல்லும் வழி வேறு. ஒலி திரும்பும் வழி வேறு. முன்னது பிழைத்தால் தவறான கருவி ஒலிக்கும், அன்றேல் எதுவும் ஒலிக்காது. பின்னது பிழைத்தால் சரியான கருவிகள் ஒலித்தும், அவை ஒரே வரியிற் கலந்துபோய், தப்பைத் தாழ்த்த முனைந்தால் நாதசுரமும் தாழ்ந்துவிடும். நினைவகம் அருமையாயிருந்த காலத்தில் இரண்டாம் வழி சிக்கனம் எனப் போற்றப்பட்டது. இன்று கணினியின் ஆற்றல் பெருகியமையால் முதல் வழியே எளிதெனப் பலர் கொள்கின்றனர். ஆயினும் பழைய கணினியோடு வேலை செய்வோர்க்கு இரண்டாம் வழி இன்றும் கைகொடுக்கின்றது.

பட்டியலில் இல்லாத கருவி

இதுகாறும் கூறியது தொழினுட்ப வரலாறு. இனி, அதனுள் மறைந்திருக்கும் பண்பாட்டு வரலாற்றை நோக்குவோம். 1991 இல் 'பொது மிடி' என்னும் துணை நியமம் வெளியாயிற்று. எந்தக் கருவியில் ஓட்டினாலும் ஒரே வகைக் குரல் ஒலிக்க வேண்டும் என்பதற்காக 128 குரல்களின் பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டது. பத்தாம் வழித்தடம் தாளத்திற்கென நிலைநிறுத்தப்பட்டு, அதில் 47 அடியொலிகள் வரிசைப்படுத்தப்பட்டன.

அப்பட்டியலில் சித்தாருக்கும் செனாய்க்கும் இடமுண்டு. யப்பானியரின் கோத்தோ, சமிசென், தைக்கோ ஆகியவற்றுக்கும் இடமுண்டு. தாள வரிசையிலோ இலத்தீன் அமெரிக்காவின் பொங்கோ, கொங்கா, டிம்பாலே, மராக்கா ஆகியன வீற்றிருக்கின்றன. நாதசுரம் இல்லை, தவில் இல்லை, மிருதங்கம் இல்லை, தபேலாகூட இல்லை. தப்பைத் தேடுதல் வீண். பின்னாளில் இந்தியச் சந்தைக்கென வந்த விசைப்பலகைகளில் தபேலாவும் மிருதங்கமும் இடம்பெற்றனவெனினும், அவை அவ்வந்நிறுவனத்தின் சேர்க்கைகளேயன்றி நியமத்தின் உறுப்புகளல்ல. வழித்தடங்கள் பதினாறும் யாவர்க்கும் பொதுவாயினும், அவற்றில் அமரும் குரல்களை எவர் தெரிவு செய்தனர் என்பதே வினா. தயாரிப்பாளரும் அவர்தம் சந்தையும் அறிந்த ஒலிகளே பட்டியலாயின.

சுருதியிலும் இச்சிக்கல் உண்டு. மிடியில் சுருதியை வளைக்கும் ஏவல் ஒரு சுரத்துக்கன்றி வழித்தடம் முழுவதற்கும் உரியது. நாதசுரமும் ஒத்தும் ஒரே வழித்தடத்தில் இருந்தால், நாதசுரம் கமகமாக அசையுந்தோறும் அசையாது நிற்கவேண்டிய ஒத்தும் உடன் அசையும். எனவே அவ்விரண்டையும் வெவ்வேறு வழித்தடங்களில் நிறுத்துவது நம் இசைக்கு விருப்பத் தெரிவன்று, இன்றியமையாத தேவை. ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வழித்தடம் வழங்கி இதனைத் தீர்க்கும் முறை 2018 இல் நியமமாக ஏற்கப்பட்டது. 2020 இல் அறிவிக்கப்பட்ட மிடியின் இரண்டாம் பதிப்பு, சுரந்தோறும் தனித்தனியே வளைவை அனுமதிப்பதோடு, பதினாறு குழுக்களில் பதினாறு வழித்தடங்களாக 256 வழித்தடங்களையும் தருகின்றது.

நிவித்திகலையும் தப்பும்

நிவித்திகல இரத்தினபுரி மாவட்டத்தில், மாணிக்கக் குழிகளுக்கும் தேயிலை, றப்பர்த் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்த ஊர். மத்திய மலைநாட்டில் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. சபரகமுவத்திலோ அவை சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. ஆகவே இங்குள்ள தமிழ்க் கலைக்குழுக்கள் சிறியவை. ஒருவர் விலகினாலும் தளர்பவை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974 இல் முடிவு செய்யப்பட்டது. குடும்பங்கள் பிரிந்தன; குடும்பத்தோடு கூத்தும் பிரிந்தது. 1977 இலும் 1981 இலும் நிகழ்ந்த வன்செயல்கள் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களையும் தாக்கின. மிடி நியமம் அச்சேறிய 1983 ஓகஸ்ட் மாதம், நம் நாட்டில் யூலைக் கலவரத்தின் சாம்பல் ஆறாத மாதமாகும். உலகின் கருவிகள் ஒன்றோடொன்று பேசக் கற்ற அவ்வாண்டில், இங்கு அயலவர்களின் பேச்சே அறுந்து கிடந்தது.

இத்தகைய இடர்களைக் கடந்தே மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி ஆடும் காமன் கூத்து உயிர்வாழ்கின்றது. இரதி மன்மதன் கதையை ஆடும் அக்கூத்தைத் தப்பின்றி நடத்தவியலாது. ஆயின் பெரட்டுக்கு அழைத்த தப்பின் இடத்தைப் பல தோட்டங்களில் மணியும் சங்கொலியும் எடுத்துக்கொண்டன. தப்படித்தல் சாதி இழிவின் அடையாளமாகக் கருதப்பட்டமையால், அடித்தோரின் பிள்ளைகள் அதனைக் கைவிட்டதும் உண்டு. அவர்களைக் குறைகூறுதல் தகாது. இழிவைச் சுமத்திய சமூகமே அதற்குப் பொறுப்பு.

இன்று தோட்டத்து இளைஞர் கைகளில் கணினியும் இலவச மென்பொருளும் உள்ளன. அவர்கள் ஆக்கும் பாடல்களில் பத்தாம் வழித்தடத்தைத் திறந்தால் பொங்கோவும் கொங்காவும் காத்திருக்கின்றன; தாத்தாவின் தப்பு அங்கில்லை. கேட்டுப் பழகிய காதே மரபைக் காக்கும். இல்லாத ஒலியை மூன்றாம் தலைமுறையின் காது தேடாது. இதுவே நம்முன் உள்ள இடர்.

அதனைத் தீர்க்கும் வழியும் அதே தொழினுட்பத்தில் உண்டு. தப்பைத் தீயிற் காய்ச்சியே சுருதி ஏற்றுவர். நிவித்திகலையைப் போன்ற பெருமழைப் பிரதேசத்தில் தோல் விரைவில் தளரும். ஆகவே காய்ச்சிய உடனுள்ள ஒலி, தளர்ந்த ஒலி என இரு நிலைகளிலும் பதிவு செய்தல் வேண்டும். குட்டைக் குச்சியின் அடியையும் நீண்ட மெல்லிய குச்சியின் அடியையும் வேறாக, மென்மை முதல் வன்மை ஈறாகப் பல படிகளிற் பதிய வேண்டும். அவற்றை ஒலிமாதிரித் தொகுதியாக்கி, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வழித்தடம் வழங்கினால், எந்த மென்பொருளிலும் தப்பு ஒலிக்கும். தனியடிகளோடு நில்லாது, பெரட்டுத் தப்பு, சாவுத் தப்பு, காமன் கூத்துத் தப்பு ஆகிய அடிவரிசைகளையும், அவற்றை அடித்தோரின் இசைவோடும் பெயரோடும் மிடிக் கோப்புகளாகச் சேர்த்தல் வேண்டும். பெயரின்றி எடுத்துக்கொள்வது பழைய இழிவைப் புதிய வடிவில் தொடர்வதாகும்.

முடிவுரை

ஒலிமாதிரி ஒருபோதும் கலைஞனுக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆடுவோனின் காலைப் பார்த்து அடியை மாற்றும் கண் கணினிக்கு இல்லை. எனினும் பட்டியலில் இடம்பெறாத கருவி மெல்ல மெல்லச் செவியிலிருந்தும் நீங்கும் என்பதும் உண்மையே. மிடியின் நாற்பதாண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது, நியமங்கள் வானிலிருந்து இறங்குவனவல்ல, மனிதர் கூடிப் பேசி வகுப்பனவே என்பதாகும். முதல் நியமத்தை வகுத்த அவையில் நாம் இருக்கவில்லை. ஆயினும் வழித்தடத்தில் எக்குரலை நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இன்று ஒவ்வொருவர் கணினியிலும் உள்ளது. சபரகமுவத் தோட்டங்களில் தப்பின் அடிவரிசைகளை முழுமையாக அறிந்த முதியோர் இன்னும் வாழ்கின்றனர். அவர்களிடம் ஒலிவாங்கியோடு செல்லவேண்டியவர்கள் இப்பல்கலைக்கழகத்து மாணவர்களே. அடுத்த மாசி மாதம் அதற்கு ஏற்ற காலமாகும்.